கண்ணாடி மாதிரி தண்ணி: மீன் தொட்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு கையேடு

மீன் தொட்டியின் முன்னால் போய் நில்லுங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, லேசாகக் குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி உள்ளே பாருங்கள். அப்புறம் நிமிர்ந்து, அடுப்படி வரைக்கும் கேட்கிற குரலில், "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, இதுக்கு என்ன கேடு?" என்று சொல்லுங்கள். நம் வீடுகளில் மீன் தொட்டித் தண்ணீரின் தரப் பரிசோதனை இத்துடன் முடிகிறது. செலவில்லை, கருவி வேண்டாம், முட்டிவலிக்காரர்கள் சோபாவில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

இந்த முறையில் ஒரேயொரு சிக்கல். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. நைட்ரைட்டுக்கும் கிடையாது. குழாய்த் தண்ணீரில் வருகிற அளவுக்குக் குளோரினும் கண்ணில் படாது. மூன்றும் சேர்ந்து மீனை முடித்துவிடத் தயாராக இருக்கிற தொட்டி பளிச்சென்றுதான் இருக்கும். பாசி படர்ந்து பச்சையாகி, விருந்தாளி வந்தால் துண்டைப் போட்டு மூடலாமா என்று யோசிக்க வைக்கிற தொட்டியில் மீன்கள் கொழுத்துத் திரியும். பாசி அம்மோனியாவைத் தின்று வளர்கிறது. ஆக, கண்ணால் தீர்ப்புச் சொல்கிறவர்கள் நல்ல தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கெட்ட தண்ணீருக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதிலிருந்து ஒரு படி மேலே ஏற விரும்பும் குடும்பத் தலைவர்கள், தலைவிகள், தலைவர் இல்லாத நேரத்தில் பொறுப்பேற்கும் மாமனார்கள் ஆகியோருக்காக இந்தக் கையேடு.

எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றுங்கள்

சென்னைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போகலாம். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பெயர்போன இடம். தெருவுக்குள் நுழைந்தால் பாலித்தீன் பைகளில் மீன்கள் தொங்கும். மற்ற ஊர்க்காரர்களுக்குப் பேருந்து நிலையத்துப் பக்கத்தில் ஒரு கடை இல்லாமல் போகாது. இரண்டடித் தொட்டி, கலர் கல், பிளாஸ்டிக் செடி, குமிழி வந்தால் வாயைத் திறக்கிற முதலை பொம்மை, மோட்டார், அதற்கு ரப்பர் டியூப், ஆறு கோல்ட் ஃபிஷ், நாலு கறுப்பு மோலி. "இது டேங்க் கிளீனர் சார், அழுக்கு பூரா இதுவே தின்னுரும்" என்று கடைக்காரர் கடைசியில் சேர்த்துவிடுகிற சக்கர் மீன் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, ஆறு மணிக்குத் தண்ணீர் நிரப்பி, ஆறரைக்கு மீனை விட்டு, ஏழு மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வையுங்கள்.

தண்ணீரைக் கண்காணிக்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிடச் சுவையான தொடக்கம் அமையாது. அடுத்த ஆறு வாரத்துக்குப் பார்க்க ஏராளம் இருக்கும். மீன் தன் அம்மோனியாவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. சும்மா நின்றாலும், தூங்கினாலும் அது நடந்துகொண்டே இருக்கும். பழைய தொட்டியில் அதைத் தின்ன பாக்டீரியா உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது ஓரளவுக்குச் சாது. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டங்கள் இன்னும் குடிவரவில்லை. அதனால் முதலில் அம்மோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், அதுவும் இறங்கி நைட்ரேட் தலைகாட்ட நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். ஆறு கோல்ட் ஃபிஷ்ஷில் அந்த நாளைப் பார்க்க எத்தனை மிஞ்சும் என்பதை வீட்டுப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்ல வேண்டாம்.

சுவை வேண்டாம், மீன் பிழைத்தால் போதும் என்பவர்கள், தொட்டி வைத்து நாளான ஒரு நண்பரைப் பிடித்து, அவர் ஃபில்டரில் இருக்கும் அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லலாம். தயிருக்கு உறை வாங்குகிற அதே கதைதான். அந்தப் பழுப்பு வழவழப்பில்தான் பாக்டீரியா இருக்கிறது. நம் ஃபில்டரில் செருகினால் ஆறு வாரம் கணிசமாகக் குறையும். விளக்கு வைத்த பிறகு கேட்காதீர்கள்.

சக்கர் மீனைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும். அழுக்கைத் தின்பதைவிட அழுக்கை உண்டாக்குவதில்தான் அதற்குத் திறமை அதிகம். தொட்டி போதவில்லை என்றதும் பலர் அதைப் புண்ணியக் கணக்கில் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவில் இருந்து வந்த அந்த மீன் இப்போது நம் ஏரி குளங்களில் பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, முள்ளோடு வலையில் சிக்கி மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வேடிக்கை பேச மனம் வரவில்லை. ஏரியில் விடாதீர்கள்.

எந்தத் தண்ணீர்?

இதைத் தீர்மானிக்கக் குடும்பக் கூட்டம் தேவை. மெட்ரோ வாட்டர் ஒரு கட்சி, போர் தண்ணி ஒரு கட்சி, கேன் தண்ணி ஒரு கட்சி. "மனுஷனுக்கே ஆர்.ஓ. தண்ணிதான் நல்லதுங்கிறான், வாயில்லா ஜீவனுக்கு மட்டும் ஆகாதா?" என்று பாட்டி நாலாவது அணியைத் தொடங்குவார்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்லப் போட்டது, நாம் ஆறு வாரமாக வளர்த்த பாக்டீரியாவையும் கிருமிக் கணக்கிலேயே சேர்க்கும். மீனின் செவுளையும் அரிக்கும். வாளியில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போய்விடும் என்பார்கள். பெரும்பாலும் சரிதான், காலையில் அந்த வாளியில் யாரும் துணி ஊறப்போடாமல் இருந்தால். குளோரின் குளோராமினாகக் கலந்திருந்தால் மட்டும் ராத்திரி வைத்தாலும் போகாது. கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சொட்டு பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட். ஃபோட்டோ ஸ்டூடியோ இருட்டறையில் ஹைப்போ என்று வைத்திருந்தார்களே, அதே உப்புதான். கல்யாண ஆல்பத்தைக் காப்பாற்றியது, இப்போது கோல்ட் ஃபிஷ்ஷைக் காப்பாற்றுகிறது.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, மற்றதெல்லாம் உண்டு. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தண்ணீர் மோலிக்கும் கப்பிக்கும் ஒத்துவரும், ஆகவே சென்னையில் மோலி வாங்குகிறவர்கள் தங்களை அறியாமலேயே புத்திசாலிகள். ஆனால் அடியில் இருந்து ஏறிய உடனே ஊற்றக் கூடாது. நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகவும் இருக்கலாம், ஏறியவுடன் பி.எச். ஒன்று காட்டும், காற்றுப் பட்டு மறுநாள் இன்னொன்று காட்டும். இதற்கும் வாளி, இதற்கும் ஒரு ராத்திரி.

பாட்டியின் ஆர்.ஓ. தண்ணீர்தான் விவகாரமானது. அதில் கார்பனேட்டைப் பெரும்பாலும் வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். தொட்டியில் பாக்டீரியா வேலை செய்யும்போது அமிலம் உண்டாகும். அதைத் தாங்கிப் பிடிப்பது அந்தக் கார்பனேட்தான். அது இல்லாவிட்டால் பி.எச். சத்தமில்லாமல் சரியும், சரியச் சரிய பாக்டீரியாவும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். தூய்மையான தண்ணீர் என்பதே மீனுக்கு ஒரு தண்டனையாகிவிடும்.

ஆர்.ஓ. மெஷின் இருக்கிற வீட்டில் டி.டி.எஸ். பேனாவும் இருக்கும். சர்வீஸ் பையன் கொண்டுவந்து காட்டியதைப் பார்த்து, ஆன்லைனில் வாங்கியது. அதை வைத்துத் தொட்டியைக் கண்காணிப்பது நவீன முறை. காலையில் முக்கினால் 480. மாலையில் முக்கினால் 480. மறுநாளும் 480. இடையில் மூன்று மீன் போயிருக்கும். பேனாவில் பிழையில்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை மின்சாரம் கடத்தும் அளவைக் கொண்டு மொத்தமாகக் கணக்குப் போடும் கருவி அது. மீனைக் கொல்ல அம்மோனியா இரண்டு பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம், போதும். 480-க்குள் அந்த இரண்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பேனாவுக்குத் தெரியாது. ரசம், இளநீர், பக்கத்து வீட்டுக் கேன் தண்ணி என்று எல்லாவற்றிலும் முக்கிப் பார்த்து மகிழ்ந்த பிறகு டிராயருக்குள் வையுங்கள்.

அம்மாவைக் கூப்பிடுங்கள்

உண்மையாகவே அளக்க வேண்டுமென்றால் சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும். காகிதப் பட்டையும் கிடைக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் அதன் பேச்சை நம்ப முடியாது. பெட்டியின் விலையைக் கேட்டால் "இந்தக் காசுக்கு நூறு மீன் வாங்கலாமே" என்று பெரியப்பா சொல்வார். சொல்லட்டும்.

ஐந்து மில்லி தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, சொன்ன அளவுக்குச் சொட்டு விட்டு, மூடி போட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்திருந்து, அட்டையில் உள்ள கலரோடு ஒப்பிட வேண்டும். மூடிக்குப் பதில் கட்டைவிரலை வைத்துக் குலுக்குவது நம் வழக்கம். விரலில் ஒட்டியிருக்கும் சங்கதிகளும் கணக்கில் சேரும். நைட்ரேட் பரிசோதனையில் இரண்டாவது பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் சொட்டு விட வேண்டும், விட்ட பிறகு குழாயை ஒரு நிமிடம் விடாமல் குலுக்க வேண்டும் என்று சீட்டில் போட்டிருக்கும். அடியில் படிந்திருக்கும் மருந்து கலக்காவிட்டால் நைட்ரேட் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். சந்தோஷமான முடிவு வேண்டுமானால் குலுக்காதீர்கள்.

இப்போது கலர் பார்க்கும் கட்டம். வீட்டு ஆண்கள் யாரும் இதில் இறங்க வேண்டாம். அவர்களுக்குப் பச்சை என்று ஒரே கலர்தான் உண்டு. தி. நகரில் இருபது புடவையை விரிக்கச் சொல்லி, "இது கிளிப்பச்சை, நான் கேட்டது ராமர் பச்சை" என்று எழுந்து வந்த அனுபவம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். அம்மோனியா அட்டையில் சுழியம் என்பது எலுமிச்சை மஞ்சள். அதற்கு அடுத்த 0.25 என்பது அந்த மஞ்சளில் யாரோ பச்சை நூல் ஒன்று கோத்த மாதிரி. அப்பா இரண்டையும் பார்த்து "ரெண்டும் மஞ்சள்தானே" என்பார். அம்மா குழாயை வாங்கி, டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு பார்வை பார்த்து, "இங்க வேண்டாம், வெளிச்சத்துக்கு வாங்க" என்று வாசற்படிக்குக் கொண்டுபோவார். கடை விளக்கில் ஒரு கலர், வெயிலில் ஒரு கலர் என்று பட்டுப்புடவை கற்றுக்கொடுத்த பாடம். வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்து, "இதுல பச்சை ஓடுது. 0.25 இல்ல, 0.5" என்று சொல்லிவிட்டுப் போவார். அது சரியாகத்தான் இருக்கும். நைட்ரைட்டும் அப்படித்தான்: வெளிர் நீலத்தில் தொடங்கிக் கத்தரிப்பூ வரைக்கும் போகும். நைட்ரேட் மாம்பழ மஞ்சளில் தொடங்கி அரக்குச் சிவப்பில் முடியும். அரக்கில் ஜரிகை தவிர எல்லாம் நன்றாயிருக்கும்; மீன் மட்டும் நன்றாயிருக்காது.

ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம், நைட்ரேட் 40-க்குக் கீழே. மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவே. அம்மோனியா கொஞ்சம் தென்பட்டால் உடனே பி.எச். பாருங்கள். ஒரே அளவு அம்மோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே நஞ்சு அல்ல. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் நஞ்சு வடிவில் இருக்கும், மீதி தீங்கு குறைந்த அம்மோனியமாகக் கிடக்கும். பி.எச். 8 என்றால் ஐந்து சதவீதம். 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வெப்பம் ஏறினால் இன்னும் கூடும். போர் தண்ணீரும் மே மாதமும் சேர்ந்த சென்னை வீட்டில் 0.5 என்பது சும்மா இருக்க வேண்டிய எண் அல்ல.

அளந்ததை எழுதி வைக்க வேண்டும். தினசரிக் காலண்டரில் எழுதாதீர்கள். மறுநாள் கிழித்து அதில் விபூதி மடித்துவிடுவார்கள். மாதக் காலண்டரில், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிக்கும் பால்காரர் வராத நாளுக்கும் பக்கத்தில் இடமிருக்கும்.

சாப்பாட்டுக் கணக்கு

இனி வருவதுதான் முக்கியமான பகுதி, இதைத்தான் யாரும் கேட்க மாட்டார்கள்.

மீன் தீவனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புரதம். அதன் நைட்ரஜனில் பெரும்பகுதி சுற்றிச் சுற்றி அம்மோனியாவாகத்தான் வெளியே வரும். மீன் தின்றால் மீனிடமிருந்து, தின்னாவிட்டால் அழுகும் தீவனத்திடமிருந்து. மீன் பண்ணைகளில் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு கிலோ தீவனம் போட்டால் சுமார் 30 கிராம் அம்மோனியா. நம் வீட்டு அளவுக்கு இறக்கினால், ஒரு கிராம் தீவனத்துக்கு 30 மில்லிகிராம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர்; கல், முதலை, விளிம்பில் விட்ட இடம் எல்லாம் போக ஐம்பது என்று வையுங்கள். ஒரு கிராமுக்கு 0.6 பி.பி.எம். அதையே மூன்று லிட்டர் கண்ணாடிக் குடுவையில் போட்டால் 10 பி.பி.எம். குடுவையில் கோல்ட் ஃபிஷ் ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. வளர்ந்த கோல்ட் ஃபிஷ் ஒன்றுக்கே எழுபது, எண்பது லிட்டர் வேண்டும் என்பார்கள்.

ஒரு கிராம் எங்கே போடப்போகிறோம் என்று நினைப்பீர்கள். காலையில் பேப்பர் படிக்கும் முன் தாத்தா ஒரு சிட்டிகை போடுவார். பள்ளிக்கூடம் கிளம்பும் முன் பிள்ளை ஒரு சிட்டிகை. தாத்தா போட்டதை அறியாத அப்பா ஒரு சிட்டிகை. வேலை செய்ய வரும் அக்கா, "பாவம், வாயைத் தொறந்து தொறந்து மூடுது" என்று கொஞ்சம் தாராளமாக. மதியம் எல்லோரும் தூங்கும்போது பாட்டி, "நாம மட்டும் சாப்பிட்டுட்டோம்" என்ற குற்ற உணர்ச்சியில் நாலு பருக்கை சோறு. மாலையில் வந்த மாடி வீட்டு சார், குழந்தையைச் சிரிக்கவைக்க ஒரு பிஸ்கட் துண்டு. ஒவ்வொருவரும் கேட்டால் "நான் கொஞ்சம்தான் போட்டேன்" என்பார்கள். உண்மைதான், எல்லோரும் கொஞ்சம்தான் போட்டார்கள்.

மீனும் சும்மா இல்லை. கோல்ட் ஃபிஷ்ஷுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும். போதும் என்று சொல்கிற பழக்கமும் அதற்கு இல்லை. யார் கண்ணாடிப் பக்கம் வந்தாலும் சோறு வருகிறது என்பதைச் சீக்கிரமே படித்துக்கொண்டு, ஆள் நிழல் தெரிந்தால் போதும், மூலைக்கு ஓடிவந்து வாலை ஆட்டும். அந்த நடிப்புக்கு மயங்காத பாட்டி தமிழ்நாட்டில் இல்லை.

நாளைக்கு ஒருமுறை அல்லது இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. பட்டினி என்று சொன்னால் எதிர்ப்பு வரும். சனிக்கிழமை விரதம் என்று சொல்லுங்கள், பாட்டியே காவல் இருப்பார்.

செடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தொட்டியில் தங்க மீன்களையும் நீர்ச்செடியையும் சேர்த்து வைத்து, செடியின் அழுகிய இலைகளைத் தின்ன நத்தைகளையும் விட்டு, தண்ணீர் கெடாமல் இருப்பதைக் காட்டினார். செடி அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சும். கடைக்காரர் தந்த பிளாஸ்டிக் செடி எதையும் உறிஞ்சாது, ஆனால் வாடாது. பெரும்பாலோர் வாடாததைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆயுத பூஜைக் கழுவல்

ஆறு மாதம் தொட்டியைத் தொடாமல் இருந்துவிட்டு ஆயுத பூஜைக்கு முதல் நாள் சுத்தம் செய்வது நல்ல வழக்கம் என்று கருதப்படுகிறது. மீன்களைப் பெயின்ட் வாளியில் விடுங்கள். தண்ணீர் முழுவதையும் கொட்டுங்கள். கல்லைப் பாத்திரச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து, வாங்கிய நாள் வெள்ளைக்குக் கொண்டுவாருங்கள். அடியோடு புதுத் தண்ணீர் ஊற்றி, மீனை விட்டு, தொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படையுங்கள். பூஜையன்று தொட்டி ஜொலிக்கும். விஜயதசமிக்குள் மீன் மிதக்கும்.

ஸ்பாஞ்ச் வெள்ளையானபோதே பாக்டீரியா பெரும்பாலும் போய்விட்டது; இனி மறுபடியும் முதல் வாரத்தில் இருந்து ஆரம்பம். "நான் முழுசாக் கொட்டலையே, பாதிதானே மாத்தினேன்" என்பவர்களுக்கு வேறொரு விளக்கம் இருக்கிறது. மாதக்கணக்கில் மாற்றாத தண்ணீரில் பி.எச். மெல்ல மெல்ல 6 பக்கம் இறங்கியிருக்கும். அந்த நிலையில் சேர்ந்து கிடப்பதெல்லாம் பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியம். மீனும் எப்படியோ பழகியிருக்கும். அதன் தலையில் பி.எச். 8 உள்ள போர் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால், மிச்சமிருக்கும் அம்மோனியத்தில் ஒரு பகுதி உடனே அம்மோனியாவாக மாறும். நாற்றமடித்த தண்ணீரில் ஆறு மாதம் இருந்த மீன், நல்ல தண்ணீர் ஊற்றிய மறுநாள் செத்துப்போவதன் ரகசியம் இதுதான். "அழுக்குத் தண்ணியே அதுக்குச் சேர்ந்துச்சு" என்று வீட்டில் முடிவுகட்டி, அடுத்த தொட்டியைத் தொடவே மாட்டார்கள்.

வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு மாற்றுவது சரியான அளவு. எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு பிழி பிழிந்து, அழுக்கோடேயே திருப்பி மாட்டுங்கள். அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள், நைட்ரேட் அதற்கு உரம். ஆனால் இப்படிச் செய்தால் பார்க்க ஒன்றும் செய்யாத மாதிரியே இருக்கும். சுத்தம் செய்தேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

தண்ணீருக்கு வெளியேயும் கொஞ்சம் பாருங்கள். மோட்டார் அறையின் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. அதற்குப் பக்கத்திலேயே பிளக் பாயின்ட் வசதியாக இருக்கிறது என்று கொசு மருந்து மெஷினைச் செருகியிருப்பீர்கள். கொசுவர்த்தியிலும் அந்தப் பாட்டிலிலும் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்குச் செய்வதைவிட மீனுக்குப் பல மடங்கு தீங்கு செய்பவை. கொசு மெஷின் ஒரு மூலைக்கு, மோட்டார் வேறு மூலைக்கு.

கரன்ட் போனால்? 20 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரைதான். கோடையில்தான் கரன்ட் போகும், கோடையில்தான் தண்ணீர் சுடும், அப்போதுதான் மீனுக்கு மூச்சு கூடுதலாக வாங்கும். ஒரு சொம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு முழ உயரத்தில் இருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருங்கள். ஃபேன் ஓடாததால் எப்படியும் தூக்கம் வராது.

நோயறிதல்

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் காற்றுப் பற்றாக்குறை, அல்லது அம்மோனியா, அல்லது நைட்ரைட். செவுள் செக்கச்செவேலென்று இருந்தால் அம்மோனியாவைச் சந்தேகியுங்கள். பழுப்பாக இருந்தால் நைட்ரைட் ரத்தத்தில் கலந்து ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்கிறது. நைட்ரைட் விஷயத்தில் பாட்டியின் கைவைத்தியமான கல் உப்புக்கு அடிப்படை உண்டு: உப்பின் குளோரைடு செவுளின் வாசலில் நைட்ரைட்டை மறிக்கும். ஆனால் அம்மோனியாவை உப்பு ஒன்றும் செய்யாது என்பதால், அளந்து பார்க்காமல் கைப்பிடி உப்பை வீசுவது வைத்தியம் ஆகாது. ஃபைட்டர் மீன் மட்டும் விலக்கு. அது மேலே வந்து காற்றைக் குடிப்பது அதன் இயல்பு. அதற்கென்றே உடலில் உறுப்பு இருக்கிறது. ஃபைட்டர் மூச்சு வாங்குகிறது என்று மோட்டாரை முழு வேகத்தில் வைத்து அதை உள்ளே சுழலவிடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் மீன் இறந்தால் காரணம் எழுத வேண்டும். காலண்டரில் நேற்று அம்மோனியா 1 என்று இருந்தாலும் அதை யாரும் பார்க்கப் போவதில்லை, ஏனென்றால் காரணங்கள் முன்பே தயாராக இருக்கின்றன. விருந்துக்கு வந்தவர் கண் பட்டுவிட்டது. கடைக்காரர் சீக்கு மீனைக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வர இருந்த பெரிய தோஷத்தை மீன் தன்மேல் வாங்கிக்கொண்டு போய்விட்டது. கடைசிக் காரணம் மிகவும் வசதியானது: மீன் போனால் குடும்பத்துக்கு நல்லது, இன்னொரு மீன் வாங்கினால் இன்னும் நல்லது, ஃபில்டரில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. மாமனாரின் ஷுகர் குறைந்ததற்கும் அந்த மீனையே சாட்சிக்கு அழைக்கலாம்.

"கோல்ட் ஃபிஷ்ஷுக்கு ஆயுசே ரெண்டு மாசம்தான்" என்பதும் உண்டு. இங்கிலாந்தில் டிஷ் என்று ஒரு கோல்ட் ஃபிஷ் 1956-ல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்து, 1999 வரை இருந்தது. 43 வருடம். இந்தத் தகவலைப் பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள். அடுத்த கேள்வி தர்மசங்கடமானது.

கடைசியாக, ஊருக்குப் போவது. பொங்கலுக்கு நாலு நாள் சொந்த ஊர் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, "மீனுக்கு மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்வோம். அவர்கள் நல்லவர்கள். பொறுப்பை ஒப்படைத்துவிட்டார்களே, ஏதாவது ஆகிவிட்டால் என்ன முகத்தில் முழிப்பது என்று ஆறு மாதத் தீவனத்தை நாலு நாளில் போட்டுவிடுவார்கள். நன்றாக இருக்கிற, வளர்ந்த மீன் நாலைந்து நாள் சாப்பிடாமல் சௌகரியமாகவே இருக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், மோட்டாருக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுங்கள், பக்கத்து வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். தீவன டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஊருக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.